படத்தைக் கீழே கொண்டுவர நான்கு வழிகள்: சோவியத் உளவுச் செயற்கைக்கோள்கள், ஓர் ஒப்பீடு

செயற்கைக்கோளில் கேமராவை வைத்து மேலே அனுப்புவது பாதி வேலைதான். எடுத்த படம் தரைக்கு வந்து, ஒருவர் அதை மேசைமேல் விரித்துப் பார்க்கும்வரை யாருக்கும் பயனில்லை. 1950-களின் கடைசியில் சோவியத் ராக்கெட் பொறியாளர்களை அதிகம் குடைந்த கேள்வி இதுதான். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அந்த நாடு இதற்கு நான்கு விதமான பதில்களை முயன்று பார்த்தது. முதலாவது, பிலிமைக் கேமராவோடு சேர்த்து மொத்தமாகத் தரையிறக்குவது. அடுத்தது, பிலிமைச் சின்னச் சின்ன காப்ஸ்யூல்களில் அவ்வப்போது இறக்குவது. மூன்றாவதாக மனிதர்களையே மேலே அனுப்பிப் பார்க்கச் சொல்வது. கடைசியாக, படத்தை ரேடியோ சமிக்ஞையாக மாற்றி அனுப்பிவிடுவது.

இவற்றில் எது சரியான வழி என்று இன்று கேட்டால் யோசிக்காமல் கடைசி வழியைத்தான் சொல்வார்கள். இன்றைக்கு எல்லா நாடுகளும் அதைத்தான் செய்கின்றன. ஆனால் முடிவெடுத்தவர்கள் இருந்த காலத்தில் நின்று பார்த்தால் விடை அவ்வளவு நேராக வராது. ரேடியோதான் போய்ச் சேர வேண்டிய இடம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 1960-லேயே அதில் எல்லாப் பணத்தையும் கொட்டியிருந்தால் சோவியத் ராணுவம் நெடுங்காலம் குருடாக இருந்திருக்கும். அது மட்டுமல்ல, பழைய பாணி என்று பலரும் ஒதுக்கும் முதல் வழியால்தான் உயிரியலுக்கும் பொருளறிவியலுக்கும் வேறு எப்படியும் கிடைத்திருக்காத ஒரு கருவி கிடைத்தது. உளவுக்கான தேர்வையும் அறிவியலுக்கான தேர்வையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஒப்பிடும்போது நான் முக்கியமாகக் கவனிப்பது படத்தின் தெளிவையும் படத்தின் வயதையும். எடுத்த கணத்துக்கும் பார்த்த கணத்துக்கும் நடுவில் போன நாட்களைத்தான் வயது என்கிறேன். உளவு வேலையில் இந்த இரண்டுக்கும்தான் ஓயாத இழுபறி.

ரேடியோ வழி ஏன் முதலில் தோற்றது

ரேடியோ வழி சோவியத் பொறியாளர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. 1959 அக்டோபர் 7 அன்று லூனா-3 நிலவின் மறுபக்கத்தைப் படம் எடுத்தது அந்த வழியில்தான். கலத்துக்குள்ளேயே பிலிமைக் கழுவி, உலர்த்தி, ஓர் ஒளிக்கற்றையால் வரிவரியாக வருடி, அந்த ஏற்ற இறக்கத்தை ரேடியோவில் அனுப்பினார்கள். எடுத்த 29 படங்களில் 17 வந்து சேர்ந்தன. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. லூனா-3 பயன்படுத்திய பிலிம் அமெரிக்கர்களுடையது. 1956-ல் அமெரிக்கா சோவியத் வான்வெளிக்குள் பறக்கவிட்ட உளவு பலூன்களிலிருந்து கிடைத்த பிலிம் கதிர்வீச்சையும் வெப்பமாற்றத்தையும் நன்றாகத் தாங்கியதால் அதையே நிலவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நிலவின் மறுபக்கத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை. மங்கலான படம்கூட அங்கே பெரிய கண்டுபிடிப்பு. விமானத்தளத்தில் நிற்பது குண்டுவீச்சு விமானமா, சரக்கு விமானமா என்று பிரித்துச் சொல்ல வேண்டிய அதிகாரிக்கு அந்த மங்கல் உதவாது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சோவியத் ஒன்றியத்தின் முதல் உளவுச் செயற்கைக்கோளான ஜெனித்-2-இன் பெரிய கேமரா ஒரு பிரேமில் ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு 60 கிலோமீட்டர் பரப்பைப் பிடித்தது. ஒரு கேமராவில் 1,500 பிரேம்களுக்குப் பிலிம் இருந்தது. ஒரு புள்ளிக்கு 10 மீட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு பிரேமுக்கு 3.6 கோடி புள்ளிகள், 1,500 பிரேமுக்கு 5,400 கோடி. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் குறிக்க 6 பிட் என்றால் 32,400 கோடி பிட். நொடிக்கு 10 லட்சம் பிட் அனுப்பக்கூடிய டிரான்ஸ்மிட்டர் இருந்தாலும் இடைவிடாமல் 90 மணி நேரம் அனுப்ப வேண்டும். தாழ்ந்த பாதையில் போகும் கலம் ஒரு தரைநிலையத்தின் பார்வையில் சில நிமிடங்கள்தான் இருக்கும். நாளுக்கு மொத்தம் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் மூன்று மாதம் ஆகும். இது ஒரு கேமராவுக்கான கணக்கு. ஜெனித்-2-இல் அப்படி மூன்று இருந்தன, கலமோ 8 நாளில் வேலையை முடித்துக்கொள்ளும்.

ஆகவே தொடக்ககால ஜெனித்தில் பைக்கால் என்ற பெயரில் இந்தப் போட்டோ-டெலிவிஷன் முறையைச் சோதித்துப் பார்த்துவிட்டு, படத்தின் தரம் போதவில்லை என்று கைவிட்டார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். சாமோஸ் திட்டத்தில் இதே மாதிரி பிலிமை வருடி அனுப்ப முயன்று, எதிர்பார்த்தது கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். இரண்டு எதிரிகளும் தனித்தனியே ஒரே இடத்தில் முட்டி நின்றார்கள் என்பதால் இதைப் பொறியாளர்களின் தவறாகச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து மின்னணுவியலுக்கு அதற்கான சுமையைத் தூக்கும் தெம்பில்லை.

உருண்டை

மிஞ்சியது பிலிமையே கீழே இறக்கும் வழி. இங்கே அமெரிக்கர்களும் சோவியத்தும் பிரிந்தார்கள். அமெரிக்காவின் கொரோனா திட்டம் பிலிமை மட்டும் ஒரு சின்ன காப்ஸ்யூலில் போட்டு அனுப்பியது. ஹவாய்க்கு அருகே பசிபிக் கடலின்மேல் பாராசூட்டில் இறங்கும்போதே விமானம் அதைக் கொக்கி போட்டுப் பிடித்தது. கேமரா மேலேயே இருந்து, பிறகு எரிந்து போகும். 1960 ஆகஸ்ட் 19 அன்று முதல்முறை பிலிமோடு ஒரு காப்ஸ்யூலைப் பிடித்தார்கள். அதே நாளில்தான் பெல்கா, ஸ்ட்ரெல்கா என்ற இரண்டு நாய்கள் சோவியத் விண்கலத்தில் ஏறின. மறுநாள் உயிரோடு தரையிறங்கின.

அந்த நாய்கள் வந்த கலமும் உளவுக் கலமும் ஒரே குடும்பம். சோவியத் ராக்கெட் திட்டத்தின் தலைமை வடிவமைப்பாளர் செர்கெய் கொரோலெவ் மனிதனை அனுப்பத் துடித்துக்கொண்டிருந்தார். ராணுவம் அதற்குப் பணம் தர அவ்வளவாக விரும்பவில்லை, அவர்களுக்கு வேண்டியது படம். கேமராவைப் பத்திரமாக இறக்கும் கலம் மனிதனையும் இறக்கும் என்ற வாதத்தை கொரோலெவ் முன்வைத்தார். உளவுச் செயற்கைக்கோளுக்கான 1959 மே 22 அரசாணையிலேயே மனிதப் பயணத்துக்கான கலமும் சேர்ந்துகொண்டது. ககாரின் 1961 ஏப்ரல் 12 அன்று பறந்த வஸ்தோக்கும் ஜெனித்தும் உடன்பிறப்புகள். ககாரினின் இருக்கை இருந்த இடத்தில் ஜெனித்தில் கேமராக்கள்.

இரண்டிலும் தரையிறங்கும் பகுதி 2.3 மீட்டர் விட்டமுள்ள உருண்டை, ஏறத்தாழ 2.4 டன். உருண்டையை எடுத்ததற்குக் காரணம் எளிமை. காற்றுமண்டலத்துக்குள் நுழையும்போது எந்தப் பக்கம் முன்னால் வருகிறது என்று கவலைப்பட வேண்டாம். கனத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்தால் போதும், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை மாதிரி அது தானாகவே சரியான பக்கத்தைக் கீழே கொண்டுவந்துவிடும். திசை திருப்பும் இன்ஜின் கிடையாது, நுணுக்கமான கணக்கும் கிடையாது.

இன்னொரு லாபம் இருந்தது, அதைப் பலர் கவனிப்பதில்லை. உருண்டைக்குள் சாதாரணக் காற்றழுத்தம் இருந்தது. கேமராவும் பிலிமும் விமானத்தில் இருப்பதுபோலவே வேலை செய்தன. கொரோனாவின் பிலிம் வெற்றிடத்தில் ஓட வேண்டியிருந்ததால் ஆரம்பத்தில் நொறுங்கியது, அதற்காகவே புதுவகை பிலிம் செய்ய வேண்டி வந்தது. சோவியத் பொறியாளர்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. கேமராவும் சேர்ந்தே திரும்பி வந்ததால் என்ன கோளாறு, எங்கே பிசகியது என்று அதைக் கையில் எடுத்துப் பார்த்தே திருத்த முடிந்தது. இதற்குக் கொடுத்த விலை எடை. ஆனால் ஆர்-7 ராக்கெட்டுக்கு எடை ஒரு பிரச்சினையே இல்லை. கனமான அணுகுண்டைத் தூக்க வடிவமைத்த ராக்கெட் அது. தன் கையில் இருப்பதை வைத்து முடிவெடுப்பது என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

முதல் முயற்சி 1961 டிசம்பர் 11 அன்று தோற்றது. 1962 ஏப்ரல் 26 அன்று காஸ்மோஸ்-4 என்ற பெயரில் போன கலம் மூன்று நாள் கழித்துப் படங்களோடு இறங்கியது. வெளியே சொன்னது விண்வெளி ஆராய்ச்சி என்று. காஸ்மோஸ் என்ற ஒரே வரிசையில் உண்மையான அறிவியல் கோள்களும் உளவுக் கோள்களும் கலந்திருந்ததால் எது எது என்று வெளியாட்கள் பாதையை அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊரின் பள்ளி ஆசிரியர் ஜெஃப்ரி பெரியும் மாணவர்களும் அப்படித்தான் ரேடியோ ஒலிகளைக் கேட்டே தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். 1966-ல் ஒரு ஜெனித்தின் பாதையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அதுவரை ரகசியமாக இருந்த பிளெசெட்ஸ்க் ஏவுதளம் எங்கே இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னவர்கள் அவர்கள்தான்.

1963 நவம்பரில் ஜெனித்-4 வந்தது. அதன் பெரிய கேமராவின் குவியத்தூரம் 3 மீட்டர் (இது கூடக் கூடத் தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும்). ஒன்றிரண்டு மீட்டர் அளவுள்ள பொருட்கள் தெரிந்தன. ஆக, தெளிவு கிடைத்துவிட்டது.

வயதுதான் பிரச்சினை. கலம் 8 நாள் சுற்றி, இறங்கி, தேடி எடுத்து, பிலிமைக் கழுவி, பார்க்கும்போது முதல் படத்துக்குப் பத்து நாள் ஆகியிருக்கும். இதில் அமெரிக்கர்களும் பட்டிருக்கிறார்கள். 1968 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் படை நுழைந்தபோது, படை திரண்டதைக் காட்டிய கொரோனா பிலிம் காரியம் முடிந்தபிறகுதான் கைக்கு வந்தது. சோவியத் இதற்குக் கண்டுபிடித்த மருந்து எண்ணிக்கை. 1973 அக்டோபரில் மேற்கு ஆசியாவில் போர் மூண்டபோது சில நாட்களுக்கு ஒன்று என்று ஜெனித்துகளை ஏவி, வழக்கமான நாள் முடிவதற்குள்ளேயே இறக்கிப் படத்தை எடுத்துக்கொண்டார்கள். கலத்தையும் ராக்கெட்டையும் குய்பிஷெவ் நகரில், இன்றைய சமாராவில், தொழிற்சாலைச் சரக்காகவே செய்து தள்ளினார்கள். உச்சத்தில் ஆண்டுக்கு 30-க்கும் மேற்பட்ட படக் கோள்கள் ஏவப்பட்டன. 1994-ல் கடைசி ஜெனித் போனபோது மொத்த எண்ணிக்கை 500-ஐத் தாண்டியிருந்தது. உலகில் வேறெந்த வகைக் கலமும் அந்தக் காலத்தில் இவ்வளவு தடவை பறந்ததில்லை.

இதை வீண் செலவு என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1960-களில் சோவியத் மின்னணுக் கருவிகள் மாதக்கணக்கில் விண்வெளியில் தாங்கக்கூடியவை அல்ல. பத்து நாள் தாங்கினால் போதும் என்ற கலத்தைப் பத்திரமாகச் செய்ய முடியும். நீண்ட ஆயுள் இல்லாத குறையை நிறைய ராக்கெட்டுகளால் ஈடுகட்டியது அந்தச் சூழலில் நியாயமான பேரம்.

மனிதனை உட்கார வைத்தது

இந்த வழியை நான் ஆதரிக்க மாட்டேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்னொரு ராக்கெட் வடிவமைப்பாளரான விளாதிமிர் செலோமெயின் அல்மாஸ் என்ற ராணுவ விண்வெளி நிலையத்தில் 6 மீட்டருக்கும் மேல் குவியத்தூரமுள்ள அகாத் கேமரா இருந்தது. வீரர்கள் நேரில் பார்த்துச் சொல்லலாம், முக்கியமான பிரேமை உள்ளேயே கழுவி டெலிவிஷன் முறையில் அனுப்பலாம். மேகம் மூடிய இடத்தில் பிலிமை வீணாக்காமல் இருக்கலாம். காகிதத்தில் பார்த்தால் தெளிவும் இருக்கிறது, வயதும் குறைவு. இரண்டும் சேர்ந்து கிடைப்பது போலத்தான் இருந்தது.

நடந்தது வேறு. சல்யூத்-2 என்ற பெயரில் 1973-ல் போன முதல் நிலையம் ஆள் ஏறுவதற்குள்ளேயே கெட்டது. 1974-ல் சல்யூத்-3, 1976-ல் சல்யூத்-5. இந்த இரண்டுக்கும் ஐந்து குழுக்கள் கிளம்பின, மூன்று குழுக்களால்தான் உள்ளே போக முடிந்தது. வீரர்களை ஏற்றிச் சென்ற சோயுஸ்-15-ம் சோயுஸ்-23-ம் நிலையத்தோடு இணைய முடியாமல் திரும்பின. பின்னது நள்ளிரவில் உறைபனி மூடிய தெங்கிஸ் ஏரியில் இறங்கி, உள்ளே இருந்த இருவர் பிழைத்ததே பெரிது. வோலினோவ், ஷோலோபோவ் என்ற இரண்டு வீரர்களும் சல்யூத்-5-இலிருந்து திட்டமிட்ட நாளுக்கு முன்பே வந்துவிட்டார்கள். ஒரு கேமராவை ஓட்டுவதற்காக மூச்சுக்காற்று, உணவு, தண்ணீர், போக்குவரத்துக் கலம், மீட்புப் படை என்று ஒரு முழு ஏற்பாட்டையும் தூக்கிச் சுமந்தார்கள். எதிரி வந்தால் சுடுவதற்கு சல்யூத்-3-இல் ஒரு பீரங்கியையும் வைத்தார்கள். ஆள் இல்லாதபோது தரையிலிருந்தே அதைச் சுட்டும் பார்த்தார்கள். அமெரிக்கா இதே யோசனையில் தொடங்கிய எம்ஓஎல் திட்டத்தை 1969 ஜூனிலேயே கைவிட்டிருந்தது.

அல்மாஸின் உடலுக்குப் பிற்பாடு நல்ல வாழ்வு கிடைத்தது. மனிதர்களை எடுத்துவிட்டு ராடாரை வைத்து 1987-ல் காஸ்மோஸ்-1870 ஆகவும் 1991-ல் அல்மாஸ்-1 ஆகவும் ஏவினார்கள். மேகத்தையும் இருட்டையும் ஊடுருவிக் கடல் பனியையும் நிலத்தையும் அவை படம் எடுத்தன. அதே கலம் ஆளில்லாமல்தான் உருப்படியாக வேலை செய்தது.

சின்ன காப்ஸ்யூல்கள்

ஜெனித்தின் குறையைக் குறைக்க வந்த இடைவழி இது. யாந்தர்-2கே 1974-ல் பறக்கத் தொடங்கியது. சூரியத் தகடுகள், பாதையை உயர்த்தும் இன்ஜின், 30 நாள் ஆயுள், நடுவில் பிலிம் இறக்க இரண்டு சின்ன காப்ஸ்யூல்கள். பிறகு வந்த கோபால்த் வகை 60 நாள் தாங்கியது. 1989-ல் வந்த அர்லெத்ஸில் 8 காப்ஸ்யூல், 1994-ல் அதன் பெரிய வடிவத்தில் 22.

ஆள் இல்லாத வழிகளில் இதுதான் தெளிவுக்கும் வயதுக்கும் நடுவில் கொஞ்சம் சமாதானம் செய்தது. ஆனால் 22 காப்ஸ்யூல் என்பது அந்த யோசனையின் எல்லை. எத்தனை வைத்தாலும் கடைசி காப்ஸ்யூலோடு கலத்தின் பயன் முடிந்தது. அதற்குமேல் இந்த வழியில் பேச அதிகமில்லை.

ரேடியோ திரும்பி வந்தது

1976 டிசம்பர் 19 அன்று அமெரிக்கா கேஎச்-11-ஐ ஏவியது. பிலிமே இல்லாமல், ஒளியை நேரடியாக மின்சமிக்ஞையாக மாற்றி, வேறு செயற்கைக்கோள் வழியாகத் தரைக்கு அனுப்பும் முதல் கலம் அது. அடுத்த மாதமே அதன் படங்கள் புதிதாகப் பதவியேற்ற அதிபர் கார்ட்டரின் மேசைக்கு வந்தன. முதல் கேஎச்-11 இரண்டு ஆண்டுக்கும் மேல் ஓடியது. அதன் கையேட்டை 1978-ல் சிஐஏ-வின் முன்னாள் ஊழியர் வில்லியம் காம்பைல்ஸ் ஏதென்ஸில் சோவியத் ஆட்களுக்கு 3,000 டாலருக்கு விற்றார். ஆக, எதிர்த்தரப்பு எந்த வழிக்கு மாறிவிட்டது என்பதில் மாஸ்கோவுக்கு அதன்பின் சந்தேகம் இருக்க இடமில்லை.

சோவியத் பதில், யாந்தர்-4கேஎஸ்1, 1982 டிசம்பர் 28 அன்று காஸ்மோஸ்-1426 என்ற பெயரில் போனது. ஆறு ஆண்டு பின்னால். அதற்கு முன்னதாக அதே ஆண்டு மே மாதத்தில் படங்களைக் கைமாற்றித் தரும் கெய்சர் செயற்கைக்கோளை 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தியிருந்தார்கள். ரேடியோ வழிக்கு ஒரு கலம் போதாது என்பது இதில் புரியும். தாழ்ந்த பாதையில் ஒரு கண் வேண்டும், மேலே ஓர் அஞ்சல்காரர் வேண்டும், கண்ணுக்குள்ளே நல்ல ஒளியுணரிகள் வேண்டும். கடைசியாகச் சொன்னதில்தான் சோவியத் தொழில்துறை பின்தங்கியிருந்தது. கலத்தின் ஆயுளும் அரை ஆண்டுக்குக் கொஞ்சம் மேலேதான். தெளிவிலும் பிலிமை எட்டவில்லை.

சரி, அப்படியானால் பிலிமை விடாமல் பிடித்துக்கொண்டது நியாயமா? ஒரு பகுதி நியாயம். 1972 மே மாதம் கையெழுத்தான ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் இரு நாடுகளும் ஒன்றையொன்று தங்கள் சொந்தக் கருவிகளால் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டன. ஏவுகணைக் கிடங்கு எங்கேயும் ஓடிப்போகாது. ஒரு மாதம் பழைய படத்தில் எண்ணினாலும் எண்ணிக்கை அதேதான். வரைபடம் போடுவதற்கும் அப்படியே. இந்த வேலைகளுக்குத் தெளிவுதான் முக்கியம், வயது அல்ல. ஆனால் லாரியில் நகரும் ஏவுகணை, எல்லையில் திரளும் படை என்று வரும்போது நேற்றைய படம் கூட பழசுதான். அமெரிக்கா 1984-ல் தன் கடைசி பிலிம் கலத்தின் வேலையை முடித்துக்கொண்டது. சோவியத்தும் பின்னர் ரஷ்யாவும் அதற்குப் பிறகு முப்பது ஆண்டு பிலிமை ஓட்டின. இதில் பாதியை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

எண்ணிக்கையை நம்பிய ஏற்பாட்டின் பலவீனம் பணம் வற்றியபோது வெளிப்பட்டது. 1996 மே, ஜூன் மாதங்களில் அடுத்தடுத்து இரண்டு சோயுஸ்-யூ ராக்கெட்டுகள் உளவுக் கோள்களோடு விழுந்தன. அந்த ஆண்டின் பிற்பகுதியில் சில மாதங்கள் ரஷ்யாவிடம் மேலே ஒரு படக் கோளும் இல்லை. இரண்டு மாதம் வாழும் கலங்களை நம்பினால் ஏவுவதை நிறுத்திய இரண்டாவது மாதமே கண் போய்விடும். ஆண்டுக்கணக்கில் ஓடும் கலம் ஒன்று இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

ரஷ்யாவின் நீண்ட ஆயுள் ரேடியோ கலமான பெர்சோனா 2008-ல் முதலில் போய், விரைவிலேயே கெட்டது. அடுத்தது 2013-ல்தான் வந்தது. 2015 ஜூன் மாதம் பிளெசெட்ஸ்கிலிருந்து 5-ஆம் தேதி கடைசி பிலிம் கலமான கோபால்த்-எம் போனது, 23-ஆம் தேதி பெர்சோனாவின் அடுத்த கலம் போனது. இரண்டு வழிகளும் ஒரே மாதத்தில் ஒரே ஏவுதளத்திலிருந்து கிளம்பின.

இதே இழுபறி ராணுவத்துக்கு வெளியேயும் நடந்தது. 1980-களின் கடைசியில் சோவியத் நிறுவனம் ஜெனித் வழிவந்த ரெசூர்ஸ்-எஃப் கலங்களின் 5 மீட்டர் தெளிவுள்ள படங்களை உலகச் சந்தையில் விற்றது. அந்த அளவுக்குத் தெளிவு அன்று வேறு யாரும் விற்கவில்லை. 1988 மார்ச் 17 அன்று பைக்கானூரிலிருந்து வஸ்தோக் ராக்கெட்டில் போன இந்தியாவின் ஐஆர்எஸ்-1ஏ கொடுத்தது 36 மீட்டரும் 72.5 மீட்டரும்தான். ஆனால் அது 22 நாளுக்கு ஒருமுறை அதே வயலை மறுபடி பார்த்தது, படத்தை ரேடியோவில் அனுப்பியது, ஆண்டுக்கணக்கில் அதையே செய்தது. பயிர் எப்படி வளர்கிறது, வறட்சி எங்கே பரவுகிறது என்று கேட்பவருக்கு 36 மீட்டர் போதும், அடிக்கடி வர வேண்டும் என்பதுதான் தேவை. ஐஎஸ்ஆர்ஓ சரியான பக்கத்தைத் தேர்ந்தெடுத்தது.

அறிவியலுக்கு எது

இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. படத்தை ரேடியோவில் அனுப்பலாம், எலியை அனுப்ப முடியாது. எடையற்ற நிலையில் எலும்பு எப்படித் தேய்கிறது, தசை எப்படிச் சுருங்குகிறது என்று அறிய அந்த உயிரைத் திரும்பக் கொண்டுவந்து ஆய்வகத்தில் பார்த்தாக வேண்டும். பிலிமுக்காகச் செய்த உருண்டை இதற்கு அப்படியே பொருந்தியது. காற்றழுத்தம் இருக்கிறது, மெதுவாக இறங்குகிறது, 500 தடவை பழகிய கலம், அடுத்த ராக்கெட் எப்போதும் தொழிற்சாலையில் தயாராக இருக்கிறது.

1973 அக்டோபர் 31 அன்று காஸ்மோஸ்-605 என்ற பெயரில் உயிரியல் ஆய்வுக்கான முதல் பயோன் கலம் எலிகளோடும் ஆமைகளோடும் போனது. 1975 நவம்பரில் போன காஸ்மோஸ்-782-இல் அமெரிக்கப் பரிசோதனைகளும் இருந்தன. எதிரியின் உளவுக் கலத்தின் கூட்டுக்குள்ளேயே நாசாவின் உயிரியல் மாதிரிகள் பயணம் செய்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அந்தக் கலத்தில் சுழலும் மேடை ஒன்றை வைத்துச் செயற்கை ஈர்ப்பையும் சோதித்தார்கள். 1983-ல் இரண்டு குரங்குகள் போயின. இந்தக் கூட்டுறவு பனிப்போரின் மோசமான ஆண்டுகளிலும் அறுபடவில்லை.

உருகும் உலோகம், படிகம், நுண்ணுயிர் என்று ஆராய ஃபோட்டோன் கலங்கள் வந்தன, அதுவும் அதே உருண்டை. 2007 செப்டம்பரில் போன ஃபோட்டோன்-எம்3-இல் ஐரோப்பிய விண்வெளி முகமை நீர்க்கரடி என்ற நுண்ணுயிர்களைத் திறந்த வெற்றிடத்தில் வைத்தது. அவற்றில் பல உயிரோடு திரும்பி, முட்டையும் இட்டன. திரும்பி வராத கலத்தில் இந்தப் பரிசோதனைக்குப் பொருளே இல்லை.

ரேடியோ வழியும் அறிவியலுக்குக் கொடுக்காமல் இல்லை. யாந்தர் குடும்பத்திலிருந்து வந்த ரெசூர்ஸ்-டிகே1, 2006 ஜூன் 15 அன்று போனது, ஒரு மீட்டர் தெளிவுள்ள படம் எடுத்தது. அதன் பக்கவாட்டில் இத்தாலியர்கள் முன்னின்று செய்த பமேலா என்ற கருவி, அண்டக் கதிர்களில் எதிர்ப்பொருள் துகள்களை எண்ணியது. அதிக ஆற்றலில் பாசிட்ரான்கள் (எலக்ட்ரானின் எதிர்ப்பொருள் துகள்கள்) எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருப்பதை அது காட்டியது, 2009-ல் வெளிவந்த அந்த முடிவு இயற்பியலாளர்களைப் பல ஆண்டு வேலை வாங்கியது. துகளை எண்ணும் வேலைக்கு ஆண்டுக்கணக்கில் மேலே இருக்கும் கலம்தான் வேண்டும், பத்து நாள் உருண்டை உதவாது.

நான் முடிவெடுத்திருந்தால்

1960-ல் என்றால் உருண்டை, தயக்கமே இல்லை. அன்று வேலை செய்யக்கூடிய வழி அது ஒன்றுதான், கையில் இருந்த ராக்கெட்டுக்கும் பொருந்தியது, ககாரினையும் அனுப்பிக் கொடுத்தது. 1970 வாக்கில் யாந்தரைத் தொடங்கியதும் சரிதான். அல்மாஸுக்குப் போன பணத்தையும் திறமையான ஆட்களையும் மட்டும் அப்போதே ஒளியுணரிகளுக்கும் கைமாற்றுச் செயற்கைக்கோள்களுக்கும் திருப்பியிருப்பேன். கேஎச்-11-க்கான சோவியத் பதில் அப்படிச் செய்திருந்தால் 1982-க்கு முன்பே வந்திருக்க வாய்ப்புண்டு. 1985-க்குப் பிறகு பிலிமை வரைபடத்துக்கும் ஒப்பந்தச் சரிபார்ப்புக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, அர்லெத்ஸின் 22 காப்ஸ்யூல் கலத்தைத் தொட்டே இருக்க மாட்டேன்.

உருண்டையை மட்டும் எந்தக் காலத்திலும் கைவிட மாட்டேன். ரஷ்யாவும் கைவிடவில்லை. பயோன்-எம் எண் 2, 75 எலிகளோடு 2025 ஆகஸ்ட் 20 அன்று கிளம்பி, துருவங்களின்மேல் செல்லும் அதிகக் கதிர்வீச்சுப் பாதையில் 30 நாள் சுற்றிவிட்டு இறங்கியது. காஸ்மோஸ்-4 பறந்து அறுபத்து மூன்று ஆண்டுக்குப் பிறகும் இறங்கும் கலத்தின் வடிவம் ஏறத்தாழ அதேதான்.